மீன் வாங்கினாலும் மாட்டலாம்: கொழும்பில் இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய கடல், காட்டுச் சட்டங்கள்

மீன்பிடிச் சட்டம் என்றதும் அது முகத்துவாரத்துப் படகுக்காரர்களின் தலைவலி, வெள்ளவத்தையில் அரைக் கிலோ பாரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற நமக்கு அதில் என்ன வேலை என்றுதான் அநேகம் பேர் நினைக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் அப்படி நினைக்கவில்லை. வெடி வைத்தோ நஞ்சு போட்டோ பிடித்த மீன் என்று தெரிந்தும், அல்லது அப்படிச் சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தும், அதைக் கரையிறக்குவது, விற்பது, வாங்குவது, ஏற்றிக்கொண்டு போவது, கையில் வைத்திருப்பது எல்லாமே 27ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே பிடித்தவர், ஓட்டோவில் பெட்டியை ஏற்றியவர், தன் கடைக்கு மலிவாக வாங்கிப் போட்ட சாப்பாட்டுக்கடை முதலாளி என்று வரிசையாக மாட்டலாம்.

வெடி வைப்பதற்கான தண்டனை விளையாட்டில்லை. 2004இல் சட்டத்தைத் திருத்தி, குறைந்தது 3 வருடம், கூடியது 5 வருடம் சிறை, அதோடு ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டப்பணம் என்று ஆக்கினார்கள். வெடி வைத்தால் சாவது விற்கிற மீன் மட்டும் இல்லை, குஞ்சும் முட்டையும் பவளப்பாறையும் சேர்ந்தே போகின்றன, உடைந்த பாறை திரும்ப வளர பல வருடம் ஆகும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் சட்டம் கடுமையாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? வெளியே பார்த்தால் நல்ல மீன் மாதிரித்தான் இருக்கும். வலையில் பட்ட தடமோ தூண்டில் குத்திய காயமோ இருக்காது, ஆனால் கண்ணில் இரத்தம் கட்டியிருக்கலாம். வெட்டச் சொல்லிப் பாருங்கள், அங்கேதான் விஷயம் வெளிவரும்: முள்ளந்தண்டு உடைந்திருக்கும், முள்ளை ஒட்டிய சதையில் இரத்தம் கசிந்து கறுத்திருக்கும், வயிற்றுக்குள் காற்றுப்பை கிழிந்து குடலெல்லாம் கூழாகிக் கிடக்கும். ஒரு மீனில் இப்படி இருந்தால் தவறி அடிபட்டது என்று விடலாம், ஒரே கூடையில் கூட்டமாகத் திரிகிற மீன் முழுக்க இப்படி இருந்தால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். கடைக்காரரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை, பேலியகொடை மொத்த மீன் சந்தையிலிருந்து பெட்டியோடு எடுத்து வந்த அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அடுத்தது சிங்க இறால். இதற்கு மூடிய காலம் உண்டு, பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் பிடிக்கக் கூடாது. மற்ற மாதங்களிலும் முட்டை சுமந்தது, ஓடு கழற்றி மென்மையாக இருப்பது, அளவில் சிறியது மூன்றையும் தொடக் கூடாது. வாங்குவதற்கு முன் திருப்பிப் போட்டு வாலின் அடியைப் பாருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் குலை குலையாக ஒட்டியிருந்தால் அது முட்டை. சிலர் அதைச் சுரண்டிவிட்டு விற்கப் பார்ப்பார்கள், சுரண்டிய இடம் சொரசொரப்பாக இருக்கும். கல்யாண வீட்டுக்கோ விருந்துக்கோ ஓடர் கொடுக்கிறவர்கள் திகதியை ஒருதரம் பார்த்துவிட்டுக் கொடுங்கள், செப்டெம்பரில் உயிருள்ள சிங்க இறால் தாராளமாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

சுறாவில் இரண்டு விஷயம்: செட்டையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடலைக் கடலில் தள்ளிவிட்டு வரக் கூடாது, செட்டை உடலோடு சேர்ந்துதான் கரைக்கு வர வேண்டும், இது 2001 முதல் நடைமுறையில் உள்ளது. வால் உடம்பளவு நீண்டிருக்கிற சுறா இனம் 2012 முதல் முழுத் தடை.

இனி நீங்களே மீன்பிடிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படகு என்றால் அது பதிவு செய்திருக்க வேண்டும், வலை போடுகிற தொழிலுக்குத் தனியாக உரிமம் வேண்டும், ஒன்று இருப்பதால் மற்றது இருக்கிறது என்று நினைக்காதீர்கள், இரண்டு தாளும் வேறு வேறு. ஒற்றை நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலைக்குத் தடை. பவளப்பாறை, கல்லு இருக்கிற இடங்களில் செவுள் வலை (மீன் செவுளில் மாட்டிக்கொள்கிற வலை) போடவும் தடை. மடியை அடியில் இழுத்துப் போகிற இழுவைமடித் தொழிலை 2017இல் முழுதாக நிறுத்தினார்கள், 2 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை தண்டம். வெளிநாட்டு இழுவைப் படகுகளுக்கு அடுத்த வருடமே வேறு சட்டத்தைத் திருத்தி, படகின் நீளத்தைப் பொறுத்து ஏறி ஏறி 17 கோடியே 50 இலட்சம் ரூபாய் வரை போகக்கூடிய தண்டம் வைத்தார்கள். வடக்கில் வலையறுந்து நின்ற எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டும் எவ்வளவு பெரிய விஷயம் என்று கொழும்பில் இருந்தபடி எல்லோருக்கும் விளங்குவதில்லை.

பலநாள் கலம் வைத்திருப்பவர்கள் 200 கடல் மைலுக்கு வெளியே போனால் ஆழ்கடல் உரிமம் வேறு. சட்டவிரோத மீன்பிடியைச் சரியாகக் கட்டுப்படுத்தவில்லை என்று 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்து, 2015 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்து, 2016இல் நீங்கும்வரை ஏற்றுமதிக்காரர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. பயணக் குறிப்பேட்டிலும் கலத்தைக் கண்காணிக்கும் கருவியிலும் அதிகாரிகள் இப்போது விடாப்பிடியாக நிற்பதற்குக் காரணம் அதுதான்.

நிலத்துக்கு வருவோம். கொழும்பைச் சுற்றியே சரணாலயங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது: பெல்லன்வில-அத்திடிய, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே, கொஞ்சம் வடக்கே முத்துராஜவெல. தெஹிவளையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம் என்பதற்காகத் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். எந்த நீர்நிலையானாலும் முதலில் அந்தப் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடமோ வனசீவராசிகள் அலுவலகத்திலோ கேளுங்கள். விடுமுறைக்கு ஹிக்கடுவையோ திருகோணமலைப் புறாத்தீவோ போனால், இரண்டுமே தேசியப் பூங்கா, கரையில் கிடக்கிற செத்த பவளத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள்.

1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் இங்கே பிடிக்கும். நம் கரைக்கு முட்டையிட வருகிற ஐந்து வகைக் கடலாமையும் அதில் பாதுகாக்கப்பட்டவை: இறைச்சி, முட்டை, ஓடு எதையும் வைத்திருக்கக் கூடாது. கடற்பசு, டொல்பின், திமிங்கிலம் அப்படியே. ஊரில் இருந்து "மருந்துக்கு நல்லது" என்று உடும்பு இறைச்சியோ ஆமை இறைச்சியோ பார்சலாக வந்தால் வாங்காதீர்கள், பஸ்ஸில் சோதனைச் சாவடியில் பிடிபட்டால் பார்சலை அனுப்பினவரை அங்கே தேட மாட்டார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வீட்டுத் தோட்டத்தில் நட்சத்திர ஆமை வளர்ப்பதும் இதே கணக்குத்தான்.

கனடா, லண்டனிலிருந்து வந்து திரும்புகிற சொந்தக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பவளம், கடற்குதிரை, பெரிய சிப்பி என்று நினைவுக்குக் கொண்டுபோகிற பொருட்களைக் கட்டுநாயக்காவில் சுங்கம் எடுத்துவிடும். சங்குக்கும் அளவு உண்டு, விட்டம் 70 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் ஏற்றுமதி செய்யத் தடை, வலம்புரி என்று விலை பேசி வாங்கினாலும் சட்டத்துக்கு அது சங்குதான்.

பிடிபட்டால் என்ன செய்வது? கடற்படை, கரையோரக் காவல், பொலிஸ், கடற்றொழில் அதிகாரி யார் மறித்தாலும் தாள்களைக் காட்டுங்கள், வலையையோ மீனையோ கடலில் தள்ளிவிட முயலாதீர்கள், அது விஷயத்தை மோசமாக்கும். வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், தண்டம் கட்டினாலும் படகு, வலை, வாகனம் பறிமுதலாகலாம், பலருக்கு உண்மையான அடி அந்த இடத்தில்தான் விழுகிறது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழும் அரச கரும மொழி, தமிழில் எழுதவோ மொழிபெயர்த்து வாசித்துக் காட்டவோ கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

விதிகள் வர்த்தமானியில் மாறிக்கொண்டே இருக்கும், அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பிரதியும் போடுகிறார்கள், தொழிலாகச் செய்கிறவர் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. வலையில் ஆமை சிக்கி உயிரோடு இருந்தால் வலையை வெட்டி விடுங்கள், வலை போனால் போகட்டும். காயத்தோடு கரை ஒதுங்கியிருந்தாலோ யாராவது இறைச்சிக்கு அறுப்பதைக் கண்டாலோ வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழைத்து, இடத்தின் பெயரையும் பக்கத்தில் உள்ள ரயில் நிலையத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.