அடியில் இறுகாத பல் அடைப்பு: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பல் கிளினிக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள். கடைவாய்ப் பல்லில் வைத்த காம்போசிட் அடைப்புகள் (நீல விளக்கொளி காட்டி இறுக வைக்கும் பல் நிற ரெசின் பசை) சில, ஓரம் விட்டுக் கழன்று வந்தன. கழன்ற துண்டைப் புரட்டினால் மேலே கல் மாதிரி. அடியில் ஊசி முனை பட்டாலே உதிர்கிறது.

"லைட் நல்லாத்தானே எரியுது டாக்டர்?" என்றார் உதவியாளர். எரிந்ததுதான், ஆனால் கண்ணுக்கு நீலமாகத் தெரிந்தால் போதாது. ஒளியின் வலிமையை அளக்கும் ரேடியோமீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 300 மில்லிவாட்கூட வரவில்லை. விளக்கின் முனையில் பழைய ரெசின் ஒட்டி இறுகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும் அளவு ஏறியது.

அப்புறம், எவ்வளவு ஆழம் இறுகுகிறது என்று பார்க்க, பல் ரெசினுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 4049 சொல்லும் சோதனை. உலோக அச்சில் ரெசினை நிரப்பி, ஒரு பக்கம் மட்டும் ஒளி காட்டி, வெளியே தள்ளி, இறுகாததைச் சுரண்டிவிட்டு, மிஞ்சிய நீளத்தில் பாதியை எடுக்க வேண்டும். அதுதான் நம்பக்கூடிய ஆழம். விளம்பரத் தாளைவிட இதையே நம்புவேன். ஒரே விளக்கு, ஒரே நேரம். வெளிர் ஏ2 நிற ரெசினைவிட அடர்ந்த ஏ4 குறைவான ஆழமே இறுகியது. அடர் நிறம் ஒளியை விழுங்கிவிடுகிறது.

தூரமும் ஒரு சங்கடம். பல்லிடுக்கில் ஆழமான குழி என்றால் விளக்கு முனை அடியிலிருந்து 6, 7 மில்லிமீட்டர் தள்ளியே நிற்கும். இப்போது 2 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே அடுக்காக வைப்பதில்லை. அடி அடுக்குக்கு மட்டும் 20 விநாடிக்குப் பதில் 40 விநாடி ஒளி. பல் சூடாகாமல் இருக்க நடுவில் காற்று அடிக்கிறோம்.