லினக்ஸ் நிறுவியபின் பூட் ஆகவில்லையா? மறுபடி நிறுவாதீர்கள்

லினக்ஸ் நிறுவி ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். நேராக விண்டோஸ் திறக்கிறது. அல்லது கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வந்து நிற்கிறது. பதறி எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் லினக்ஸும் உங்கள் கோப்புகளும் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற பூட் லோடரில்தான் சிக்கல். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க நான் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தேன்.

விண்டோஸ் மட்டும் திறந்தால்

கணினியை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலிட் விசையை விடாமல் தட்டுங்கள் (சில கணினிகளில் வேறு விசை இருக்கும்). கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரை வரும். எது முதலில் தொடங்க வேண்டும் என்று சொல்லும் பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில் இருந்தால், உபுண்டு போன்ற உங்கள் லினக்ஸின் பெயரை அதற்கு மேலே ஏற்றிச் சேமியுங்கள். பல சமயம் வேலை இதோடு முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், பயாஸில் கை வைக்கும் முன் அதன் ரெக்கவரி கீயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி) போன்றவற்றை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

பட்டியலில் லினக்ஸே இல்லையென்றால், அல்லது ரெஸ்க்யூ திரை வந்தால்

கணினி பூட் ஆக இரண்டு முறைகள் உண்டு: புதிய யூஇஎஃப்ஐ, பழைய லெகசி. விண்டோஸை யூஇஎஃப்ஐ முறையிலும் லினக்ஸை லெகசி முறையிலும் நிறுவியிருந்தால் பட்டியலில் லினக்ஸ் இல்லாமல் போகலாம். கிரப்பின் கோப்புகள் இருந்த பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) அழித்தாலோ நகர்த்தினாலோ ரெஸ்க்யூ திரை வரும்.

உபுண்டு, மின்ட் வகை லினக்ஸ் என்றால், லினக்ஸ் மின்ட் யுஎஸ்பியைச் செருகுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் அதன் பெயர் இரண்டு முறை தெரிந்தால், விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்கும்போது ‘யூஇஎஃப்ஐ’ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில் யுஎஸ்பியும் திறக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்தே (லைவ் ஆக) திறந்து, இணையத்தை இணையுங்கள். மெனுவில் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் ‘பூட் ரிப்பேர்’ இருக்கும். ‘ரெகமெண்டட் ரிப்பேர்’ பொத்தானை அழுத்திக் காத்திருங்கள். அப்புறம் யுஎஸ்பியைக் கழற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

லினக்ஸ் வருகிறது, விண்டோஸைக் காணோம்

2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-ப்ரோபர்’ இயல்பாகவே அணைந்திருக்கும். ‘இடிசி’ ஃபோல்டருக்குள் ‘டிஃபால்ட்’, அதற்குள் ‘கிரப்’ கோப்பு (/etc/default/grub). அதை ரூட் (நிர்வாகி) உரிமையுடன் திறந்து, ‘கிரப் டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்’ வரியின் முன்னுள்ள # குறியை நீக்கி, மதிப்பு ‘ஃபால்ஸ்’ என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள். வரியே இல்லையென்றால், GRUB_DISABLE_OS_PROBER=false என்று அப்படியே சேருங்கள். சேமித்துவிட்டு உபுண்டு, மின்ட் வகையில் டெர்மினலில் ‘சூடோ அப்டேட்-கிரப்’ (sudo update-grub) கட்டளையைக் கொடுங்கள். வெளிவரும் வரிகளில் விண்டோஸின் பெயர் தெரிந்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில் மெனுவிலும் அது இருக்கும்.