நகரம் வளர்ந்ததா, வரைபடம் தவறியதா?

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நகர விரிவை ஆராய வரும் இளையர்கள் தங்கள் வரைபடங்களை அவ்வப்போது என்னிடம் காட்டுவதுண்டு. நாங்கள் விழுந்த குழிகளிலேயே இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். மேகத்தை நீக்கினாயா, ஒரே பருவத்துப் படங்களை ஒப்பிட்டாயா என்பதெல்லாம் எல்லாப் பயிற்சிக் குறிப்புகளிலும் இருப்பதால் அவற்றை இங்கே தொடவில்லை.

இரண்டு வரைபடங்களைக் கழிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 2017ஆம் ஆண்டுப் படத்தைக் காடு, புல்வெளி, கட்டடம், நீர் என்று வகைப்படுத்துவார்கள். 2023க்கும் அப்படியே. பிறகு இரண்டுக்கும் இடையே மாறிய பிக்சல்களை எண்ணி, இத்தனை சதுர கிலோமீட்டர் என்று இரண்டு தசம இடங்களோடு எழுதிவிடுவார்கள்.

ஒருவர் கொண்டுவந்த சிங்கப்பூர் வரைபடத்தில் புக்கிட் தீமா வனப்பகுதியின் விளிம்பெல்லாம் சிவப்பு, காடு நகரமாகிவிட்டதாம். தோ பாயோ குடியிருப்பு நகரிலோ தலைகீழாகச் சாலைகள் காடாகியிருந்தன. தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்து நிற்கும் சாலையில் ஒரு பிக்சலில் பாதி இலை, பாதி தார். அது ஓராண்டு மரமாகவும் மறு ஆண்டு சாலையாகவும் வகைப்படும். தரையில் எதுவும் மாறியிருக்காது.

“இரண்டு வரைபடமும் 85 விழுக்காடு சரியாக வந்திருக்கிறதே, அண்ணா?” என்றார். சிக்கலே அங்கேதான். இரண்டின் பிழைகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால், இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்கும் இடம் 0.85 × 0.85, அதாவது சுமார் 72 விழுக்காடு. சிங்கப்பூரின் பரப்பு 730 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். எஞ்சிய 28 விழுக்காடு, அதாவது ஒரு வரைபடமாவது தவறியிருக்கும் இடம், 200 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இங்கே புதிதாக எழும் தெங்கா நகரம் மொத்தமே சுமார் 7 சதுர கிலோமீட்டர்தான்!

இரு ஆண்டுப் படங்களையும் ஒன்றாக அடுக்கி, ‘மாறியது’, ‘மாறாதது’ என்பதையே வகைகளாக வைத்து வகைப்படுத்துங்கள். அதன் பிறகும் பிக்சலை எண்ணிப் பரப்பு என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு வகையிலும் குலுக்கல் முறையில் மாதிரிப் புள்ளிகள் எடுத்து, தெளிவான படங்களில் கண்ணால் சரிபார்க்க வேண்டும். மாறாத பகுதியில்தான் எல்லோருக்கும் சோம்பல் வருகிறது. 700 சதுர கிலோமீட்டர் ‘மாறாதது’ என்றிருக்க, அங்கே எடுத்த 100 புள்ளிகளில் ஒன்று உண்மையில் மாறியிருந்தால், தவறவிட்ட மாற்றம் ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர்: இன்னொரு தெங்கா. அந்த ஒற்றைப் புள்ளியை நம்பிச் சொல்லும் எண்ணுக்குப் பிழைவரம்பு மிகப் பெரிது. 100 புள்ளிகள் போதாது என்பதும் அப்போதுதான் உறைக்கும். பிழைவரம்பைக் கண்டால் முகம் சுளிக்கும் மேலாளர்கள் உண்டு. சுளிக்கட்டும், எழுதுங்கள்.

2022 ஜனவரி 25

அன்று முதல் வெளிவந்த சென்டினல்-2 (ஐரோப்பியச் செயற்கைக்கோள்) தரவில் பிக்சல் மதிப்புகளோடு 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் பயன்படுத்தினால், பசுமையை அளக்கும் தாவரக் குறியீடு ஒரே நாளில் தீவெங்கும் சரியும். அந்தச் சரிவுக்குக் காடழிப்பு என்று பெயர் சூட்டிய அறிக்கையையும் வாசித்திருக்கிறேன். பழைய படங்களையும் புதிய முறையில் மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே தேதியை நம்பாமல் ஒவ்வொரு படத்தின் விவரக்கோப்பையும் திறந்து பாருங்கள்.

ஜோகூரின் செம்மண்

சிங்கப்பூரை அடுத்த மலேசிய மாநிலமான ஜோகூரில், வெறும் மண் தெரியும் இடமெல்லாம் வீடு கட்டும் இடமல்ல. செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களை ஏறத்தாழ 25 ஆண்டுகளில் வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறார்கள். மேட்டுநிலத்தில் வளைந்து செல்லும் படிவரிசைகள் தெரிந்தால் தோட்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று ஆண்டுப் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் பச்சை திரும்புகிறதா என்பது தெரிந்துவிடும்.

நிழல்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் நிழல் படத்தில் நீர்போலக் கருமையாகத் தெரியும். அது குளம் அல்ல.

துவாஸ் கரையோரம்

சிங்கப்பூரின் மேற்குக் கரையான துவாஸில் நிலமீட்பு (கடலைத் தூர்த்து நிலமாக்குவது) என்று எழுதும் முன், படம் எடுத்த நேரத்தில் கடல் ஏறியிருந்ததா, வற்றியிருந்ததா என்று ஓத அட்டவணையைப் பாருங்கள். சென்டினல்-2 எப்போதும் முற்பகல் 11.30 மணியை ஒட்டியே நம்மைக் கடக்கிறது. ஓதமோ நாளுக்கு நாள் தள்ளிப்போகும்.