கண்ணுக்குத் தெரியாத நாயகனை வைத்து ஸ்டெல்த் விளையாட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓரிரு நாள்களில் ஒரு விளையாட்டை உருவாக்கி முடிக்கும் கேம் ஜாம் நிகழ்வுகளிலும், கல்லூரி இறுதியாண்டுத் திட்டங்களிலும் அடிக்கடி எழும் ஓர் எண்ணம் உண்டு. பதுங்கிப் பதுங்கி முன்னேறும் ஸ்டெல்த் விளையாட்டின் நாயகன், யார் கண்ணுக்கும் தெரியாதவனாகவே இருந்தால் என்ன? எண்ணம் நல்லது. ஆனால் அதைக் கையில் எடுக்கும் புதியவர்கள், இந்த வகை விளையாட்டுகளில் முன்பே வேலை செய்தவர்கள் விழுந்த குழிகளில், ஏறத்தாழ அதே வரிசையில் விழுவதைப் பார்க்கும்போது, சிலவற்றை எழுதி வைப்பது பயன்படும் என்று தோன்றியது.

காவலர் சுவருக்குள் சிக்கிக்கொள்வது, கதவு திறக்காமல் போவது, சேமித்த இடத்திலிருந்து ஆட்டம் தொடங்காமல் நிற்பது போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை முதல் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும். சோதனையிலும் எளிதில் அகப்படாமல், வடிவமைப்பின் அடிவேரில் இருக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பேட்டரி மீட்டரை வைத்துச் சமாளிப்பது

இருப்பதிலேயே அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு இதுதான். இத்தனை காலம் கழிந்த பிறகும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

வழக்கமான ஸ்டெல்த் விளையாட்டு காவலரின் கண்ணை மையமாக வைத்துக் கட்டப்படுகிறது. நாயகன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், காவலரின் கண்ணெதிரே கூம்பாக விரியும் பார்வைப் பரப்புக்குள், அதாவது பார்வைக் கூம்புக்குள் இருக்கிறானா, இடையில் சுவரோ பெட்டியோ மறைக்கிறதா, அவன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்ற கேள்விகளுக்கு, விளையாட்டை இயக்கும் மென்பொருளான எஞ்சின் ஓயாமல் விடை தேடிக்கொண்டிருக்கிறது. லெவலில், அதாவது ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்துக்குமான களத்தில், நிற்கும் ஒவ்வொரு தூணும், ஒவ்வொரு நிழலும், காவலர் ரோந்து செல்லும் ஒவ்வொரு பாதையும் இந்தக் கேள்விகளுக்காகவே அமைக்கப்படுகின்றன. நாயகன் கண்ணுக்குத் தெரியாதவன் என்று முடிவு செய்ததுமே அத்தனை கேள்விகளும் பொருளற்றுப் போகின்றன. தூண் வெறும் அலங்காரமாகிறது, நிழலுக்கு வேலை இல்லாமல் போகிறது, பார்வைக் கூம்பு எதையும் பார்ப்பதில்லை.

புதியவர்கள் இதை உணர்வதற்குள் லெவல்களை வரைந்து முடித்திருப்பார்கள். ஒரு மாணவர் குழு, அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மணிமுடியை எடுத்து வரும் விளையாட்டை உருவாக்கியிருந்தது. கூடங்கள் அழகாக இருந்தன; காவலர்கள் நேர்த்தியாக நடந்தார்கள். விளையாட உட்கார்ந்த பெண் கூடத்தின் நடுவே நேராக நடந்து சென்று, மணிமுடியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினார். எங்கும் நிற்கவில்லை, எங்கும் யோசிக்கவில்லை. அன்று இரவே அந்தக் குழு ஒரு பேட்டரி மீட்டரைச் சேர்த்தது. சில நொடிகள் மட்டும் மறைந்திருக்கலாம். பிறகு மீட்டர் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். மறுநாள் விளையாடியவர்கள் அனைவரும் ஒரு தூணின் பின்னாலிருந்து அடுத்த தூணின் பின்னால் ஓடி, அங்கே மீட்டர் நிரம்பும் வரை சும்மா நின்றார்கள். சவால் வந்துவிட்டதாகக் குழுவினர் மகிழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் கையில் இப்போது இருந்தது வழக்கமான ஒரு ஸ்டெல்த் விளையாட்டும், அதன் நடுவே நிறையக் காத்திருப்பும்தான். அவர்களைக் கவர்ந்திழுத்த அந்த முதல் எண்ணம் அதில் இல்லை.

மீட்டரே கூடாது என்று சொல்லவில்லை. 2007இல் வெளிவந்த கிரைசிஸ் விளையாட்டில் மறைவு என்பது நாயகனின் உடை தரும் பல ஆற்றல்களில் ஒன்று. நடந்தால் மின்சக்தி விரைவாகக் கரையும், சுட்டால் மறைவு கலையும். அதே மின்சக்தி மற்ற ஆற்றல்களுக்கும் வேண்டியிருப்பதால், எதற்குச் செலவிடுவது என்று ஆட்டக்காரர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே மீட்டருக்கு ஒரு வேலை இருக்கிறது. நாயகனின் இயல்பே மறைவு என்று சொல்லிவிட்டு அந்த இயல்பைக் கடிகாரத்தில் பூட்டுவதைத்தான் தவறு என்கிறேன்.

கட்டுப்பாடே இல்லாமல் விட்டாலும் சரியாக வராது. 2006இன் ஆப்லிவியன் விளையாட்டில் பச்சோந்தி மந்திரம் ஏற்றிய அணிகலன்களையும் கவசங்களையும் சேர்த்து அணிந்து, மறைவை நூறு விழுக்காட்டுக்குக் கொண்டுபோக முடியும். அதன் பிறகு எதிரிகள் அடிபட்டாலும் அடித்தவரைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்பார்கள். முதல் அரைமணி நேரம் வேடிக்கையாக இருக்கும். பிறகு விளையாட எதுவும் மிஞ்சாது. அதே வரிசையில் 2011இல் வந்த ஸ்கைரிமில் அந்த மந்திரம் இல்லை. கண்ணாமூச்சி ஆட்டத்தில் எவராலும் ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாத ஒரு குழந்தை இருந்தால், மற்றவர்கள் தேடுவதை நிறுத்திவிட்டு வேறு ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள் அல்லவா?

மீட்டரும் உதவாது, முழு மறைவும் உதவாது என்றால் என்ன செய்வது? காவலர் தேட வேண்டியது நாயகனின் உடலையன்று, அவன் விட்டுச் செல்லும் தடயங்களை என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து லெவலை வரையத் தொடங்க வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஆசிரியர் ஹேமசந்திரர் பரிசிஷ்டபர்வத்தில் சொல்வது அது. பஞ்ச காலத்தில் இரண்டு இளம் துறவியர் கண்ணில் மாய மையைத் தீட்டி உருவம் மறைந்து, சந்திரகுப்தனின் உணவைப் பகிர்ந்து உண்டு வந்தனர். அரசன் நாளுக்கு நாள் மெலிந்தான். சந்தேகம் கொண்ட சாணக்கியர் உணவறையின் தரையில் மெல்லிய பொடியைத் தூவி வைத்தார், காலடிகள் பதிந்தன. அடுத்த முறை அறையைப் புகையால் நிரப்பினார். கண்ணீர் வழிந்து மை கரைய, இருவரும் அகப்பட்டனர். ஸ்டெல்த் விளையாட்டு வடிவமைப்பாளருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கடினம். அரசன் மெலிவது முதல் ஐயம், பொடியில் பதியும் காலடி உறுதியான சான்று, புகை மறைவையே உடைக்கும் ஆயுதம். மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் மறைந்திருப்பவர் வேறு விதமாக ஈடுகொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த மாணவர் குழுவிடம், மீட்டரை நீக்கிவிட்டு ஒரே ஒரு கூடத்தை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னேன். கூடத்தின் ஒரு பாதியில் தரையைத் துடைத்துக்கொண்டே போகும் ஒரு பணியாளரை வைத்தார்கள். ஈரம் காயும் வரை அங்கே காலடி பதியும். மறுபாதியில் பழைய மரப்பலகைத் தரை. காலடி பதியாது, ஆனால் கிரீச்சிடும். அதே பெண் மீண்டும் விளையாட உட்கார்ந்தார். இந்த முறை கூடத்தின் வாசலிலேயே நின்று, பணியாளர் எந்த வரிசையில் துடைக்கிறார் என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கூடத்துக்கு உயிர் வந்துவிட்டது. மற்ற லெவல்கள் அனைத்தையும் தூக்கிப்போட வேண்டியிருந்தது. சுவர்களின் இடமும் ரோந்துப் பாதைகளும் கண்பார்வைக்காகத் திட்டமிடப்பட்டிருந்ததால், தரையின் தன்மையை மட்டும் மாற்றி அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. மாதக் கணக்கில் வரைந்த வேலை அது. இந்தத் தவறின் விலை என்று நான் சொல்வது இதைத்தான்.

நிரல் எழுதுபவர்களுக்கும் ஒரு சொல். விளையாட்டுகளை உருவாக்கப் பலர் பயன்படுத்தும் அன்ரியல் எஞ்சினில், கணினி இயக்கும் பாத்திரங்களுக்குப் புலனறிவு தரும் ஏஐ பெர்செப்ஷன் அமைப்பில் பார்வை, கேட்டல், தொடுதல், சேதம் போன்ற புலன்கள் தயாராகவே உண்டு. காலடியைப் படிக்கும் புலன் கிடையாது. அதை நீங்களேதான் எழுத வேண்டும். ஒவ்வொரு தடயத்துக்கும் இடம், திசை, பிறந்த நேரம், மங்கும் வேகம் ஆகிய நான்கையும் பதிந்து வைத்தால் போதுமானது. காவலர் அருகிலுள்ள தடயங்களில் புதியதைத் தேர்ந்தெடுத்து, அது காட்டும் திசையில் அடுத்ததைத் தேடுவார். 1998இல் வந்த மெட்டல் கியர் சாலிட் விளையாட்டில் பனியில் பதிந்த காலடிகளைக் காவலர்கள் பின்தொடர்ந்து வருவதை விளையாடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அங்கே நாயகன் கண்ணுக்குத் தெரிபவன். காலடி ஒரு கூடுதல் நுணுக்கம் மட்டுமே. உங்கள் விளையாட்டில் அதுவே அடித்தளம் என்பதால், ப்ரோட்டோடைப்பில், அதாவது முன்மாதிரியில், முதலில் எழுத வேண்டிய நிரலும் அதுதான்.

தடயத்தைத் தண்டனையாக மட்டும் பார்ப்பது

தடயங்களைச் சேர்த்த பிறகு பலர் செய்யும் அடுத்த தவறு, அவற்றை ஆட்டக்காரர் மிதிக்கக் கூடாத கண்ணிகளாக மாற்றிவிடுவது. ஈரத்தில் கால் வைத்தால் ஆட்டம் முடிந்தது என்றால், அது வெறும் தாண்டுதல் விளையாட்டாகிவிடும். தடயத்தை ஆட்டக்காரர் ஆள முடிய வேண்டும். அழிக்கவும், மறைக்கவும், பொய்யாக உண்டாக்கவும் வழி இருக்க வேண்டும்.

1998இல் வந்த தீஃப் விளையாட்டில் உலோகத் தரையும் பளிங்குத் தரையும் காலடியை உரக்கக் காட்டிக்கொடுக்கும், கம்பளம் அடக்கிவிடும். அதோடு நிறுத்தாமல், தரையில் எய்தால் பாசி படர்ந்து காலடி ஓசையை விழுங்கும் ஓர் அம்பையும் அதை வடிவமைத்தவர்கள் கொடுத்தார்கள். ஆபத்தான தரையைப் பாதுகாப்பான தரையாக மாற்றும் உரிமை ஆட்டக்காரரின் கைக்கு வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நாயகனுக்கு இந்த உரிமை இன்னும் அதிகமாகவே தேவைப்படும். பின்னோக்கி நடந்து காலடித் தடத்தைத் திருப்பிக் காட்டுவது, வேண்டுமென்றே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு எதிர்ப்புறம் போவது, காவலர் ஒருவரின் காலடி மேலேயே தன் காலை வைத்து நடப்பது போன்றவை மற்ற நாயகர்களுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. இவனுக்கு அவைதான் ஆயுதங்கள்.

ஆட்டக்காரரிடமிருந்தே நாயகனை மறைத்துவிடுவது

உலகத்துக்குத் தெரியாத நாயகனை ஆட்டக்காரருக்கு எப்படிக் காட்டுவது என்பதைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். பிறகு அவசரத்தில் ஒரு ஷேடரை (பொருள்கள் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் சிறு நிரலை) போட்டு, உடலைக் கண்ணாடிபோல் பாதி தெரியச் செய்துவிடுகிறார்கள். அது தவறான வழி இல்லை. ஆனால் தன் உருவம் திரையில் தெரிந்துகொண்டே இருந்தால், காவலருக்குத் தான் தெரியவில்லை என்பதை ஆட்டக்காரரின் மனம் நம்ப மறுக்கிறது. புதிதாக விளையாடுபவர்கள் பழக்கத்தினால் தூணின் பின்னால் ஒளிவதை எத்தனையோ சோதனைகளில் பார்த்திருக்கிறேன்.

முழுக்க மறைத்தாலும் விளையாட முடியும் என்பதற்கு 2017இன் இன்விசிகன் ஹீரோஸ் ஒரு நல்ல சான்று. பலர் சேர்ந்து மோதும் அந்த விளையாட்டில் எல்லோருமே கண்ணுக்குத் தெரியாதவர்கள். உங்கள் பாத்திரம் உங்களுக்கே தெரியாது. சுவரில் முட்டுவதையும், தரையில் எழும் சிறு அசைவுகளையும் வைத்துத்தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்கிட வேண்டும். தனி ஒருவர் நீண்ட நேரம் விளையாடும் ஸ்டெல்த் விளையாட்டுக்கு அது களைப்பைத் தரும் என்பது என் கருத்து. நான் பரிந்துரைப்பது இடைப்பட்ட ஒரு வழி. நாயகன் அசையாமல் நிற்கும்போது முழுக்க மறையட்டும். நடக்கும்போது அவன் தொடும் பொருள்கள் அவனைக் காட்டட்டும். புல் சாயும், திரைச்சீலை விலகும், தூசி கிளம்பும். ஆட்டக்காரர் பார்ப்பதும் காவலர் பார்க்கக்கூடியதும் ஒன்றாகவே இருப்பதால், எது ஆபத்து என்பதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

கையில் எடுத்த பொருளுக்கு விதி வகுக்காமல் விடுவது

சாவியை எடுத்தால் அதுவும் மறையுமா, காற்றில் மிதக்குமா? முதல் லெவலின் முதல் அறையிலேயே இதற்கு விடை தெரிந்துவிட வேண்டும், அதன்பின் ஒருமுறைகூட அது மாறக் கூடாது.

முதல் லெவலிலேயே நாயை அவிழ்த்துவிடுவது

வேண்டாம். மோப்பத்தை ஏமாற்றும் வழியைக் கற்றுக்கொடுத்த பிறகு நாய் வரட்டும்.

காவலர்களுக்கு ஞானதிருஷ்டி கொடுப்பது

ஒரு காவலர் கதவு தானாகத் திறப்பதைப் பார்க்கிறார். அடுத்த நொடியே லெவலில் உள்ள அத்தனை காவலர்களும் நாயகன் நிற்கும் புள்ளியை நோக்கி ஓடி வருகிறார்கள். நிரலில் நாயகனின் இடத்தைக் கேட்டு வாங்குவது மிக எளிது என்பதால் நேரும் தவறு இது. கண்ணுக்குத் தெரியாதவனை வைத்து விளையாடும்போது இதைவிட நம்பிக்கையைக் குலைக்கும் தவறு வேறில்லை, ஏனென்றால் தன்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஆட்டக்காரரால் ஊகிக்கவே முடியாது.

காவலருக்குத் தெரிய வேண்டியது அவருடைய ஊகம் மட்டுமே. நாயகனின் உண்மையான இடம் அவருக்கு எட்டவே கூடாது. அந்த ஊகம் எங்கே இருக்கிறது என்பதை ஆட்டக்காரருக்குக் காட்டிவிடுவது இன்னும் நல்லது. 2010இன் ஸ்ப்ளின்டர் செல் கன்விக்ஷன் விளையாட்டில், எதிரிகள் நாயகனைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் அவனுடைய நிழலுருவம் ஒன்று நிற்கும். அவர்கள் அந்த உருவத்தைச் சூழும்போது ஆட்டக்காரர் வேறு பக்கத்திலிருந்து வரலாம். உங்கள் விளையாட்டில் இந்த ஊகத்தைத் தரையில் விரியும் ஒரு வட்டமாகக் காட்டலாம். தடயம் பழையதாக ஆக வட்டம் பெரிதாகும். புதிய தடயம் கிடைத்தால் சுருங்கும். வட்டம் சுருங்கும்போது காவலர்கள் வாசலை அடைத்து நிற்கலாம், கைகளை விரித்துத் துழாவலாம், மாவையோ தண்ணீரையோ வீசலாம். டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டில் மறைந்திருக்கும் ஒற்றர் பாத்திரம் எதிரியின்மேல் மோதினால் ஒரு கணம் உருவம் மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சிறு விதியினாலேயே குறுகலான வழிகள் அனைத்தும் ஒற்றருக்கு அச்சமூட்டும் இடங்களாகிவிடுகின்றன. உங்கள் நாயகனும் அப்படி மோதி வெளிப்பட்டால் ஆட்டத்தை உடனே முடித்துவிடாதீர்கள்; வட்டம் அவனைச் சுற்றி இறுகட்டும், தப்பும் வழியை அவன் தேடட்டும்.

ஒலியைக் காதுக்கு மட்டும் விட்டுவிடுவது

உருவம் இல்லாத நாயகனுக்கு ஒலிதான் பாதி உடல். ஆகவே நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலியைச் செதுக்குகிறார்கள். பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டு விளையாடுபவரையும், காது கேளாத ஆட்டக்காரரையும் மறந்துவிடுகிறார்கள். 2012இல் வந்த மார்க் ஆஃப் த நிஞ்ஜாவில் ஒவ்வோர் ஓசையும் எவ்வளவு தூரம் எட்டும் என்பது திரையில் ஒரு வளையமாக விரிந்து தெரியும். ஓடினால் பெரிய வளையம், பதுங்கி நடந்தால் வளையமே இல்லை. காவலருக்குக் கேட்குமா கேட்காதா என்ற குழப்பத்துக்கு அங்கே இடமில்லை. உங்கள் விளையாட்டையும் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் லெவலை அவரால் முடிக்க முடியவில்லை என்றால், காலடி ஓசையைத் திரையிலும் காட்டும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.