யூசர்நேமிலும் மின்னஞ்சல் முகவரியிலும் தமிழை ஏற்கச் செய்வது எப்படி?

'குமார்' என்று யூசர்நேம் கொடுத்தால் 'செல்லாத எழுத்து' என்று திருப்பியடிக்கும் தளங்கள் இன்றும் நிறைய. பெரும்பாலும் சர்வர் மேல் குற்றமில்லை. எது எழுத்து என்று நம் நிரல் வைத்திருக்கும் கணக்குதான் தப்பு.

படி 1: சோதனை விதி

பைத்தானின் வழக்கமான ரெகெக்ஸில் (உரையின் வடிவத்தைச் சோதிக்கும் விதி) எழுத்தைக் குறிக்கும் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' க, ம, ர மூன்றையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உகரக் குறி, கால், புள்ளி ஆகியவற்றைத் தடுத்துவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் அவை 'எழுத்து' வகையில் இல்லை, 'மார்க்' வகையில் உள்ளன. எனவே எழுத்து, மார்க், எண் என மூன்று வகையையும் அனுமதியுங்கள். பெயர் மார்க்கில் தொடங்கினால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

படி 2: ஒரே வடிவம்

'கொ'வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு இரண்டு ஆட்கள்! சேமிக்கும் முன், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்.எஃப்.சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். பதிவு, லாகின், தேடல் மூன்றும் அதே ஃபங்ஷன் வழியாகவே போகட்டும்.

'கௌ'வுக்குப் பதில் க, ஒற்றைக்கொம்பு, ள என்று தட்டுகிறவர்கள் உண்டு. அதை என்.எஃப்.சி சரிசெய்யாது. தமிழ் எண்களும் வில்லங்கம்தான்: ௧ என்பது 'க' போலவும் ௨ என்பது 'உ' போலவும் தெரியும். அடுத்தவர் பெயரில் போலிக் கணக்கு திறக்க இது போதும். யூசர்நேமில் தமிழ் எண்களையும், ஒரே பெயரில் இரு மொழி எழுத்துகள் கலப்பதையும் தடுப்பதே என் வழக்கம். 2017இல் வந்த ஆர்.எஃப்.சி 8265 என்ற இணையத் தர ஆவணம் யூசர்நேமுக்கான விதிகளை வகுத்திருக்கிறது. அதற்கான நிரல் நூலகம் கிடைத்தால் சொந்தமாக எழுத வேண்டாம்.

படி 3: நீளம்

'குமார்' பார்வைக்கு 3 எழுத்து, யூனிகோடில் 6 குறியீடு, யூனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் 18 பைட். மின்னஞ்சலில் @ குறிக்கு முந்தைய பகுதிக்கு 64 பைட்தான் வரம்பு என்பதால் தமிழில் 21 குறியீடுகளுக்கு மேல் போகாது.

படி 4: மின்னஞ்சல்

@ குறிக்குப் பின்னால் வரும் டொமைனை, ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்ட பியூனிகோடாக மாற்றலாம். முன்பகுதியை அப்படி மாற்றாதீர்கள். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். முன்பகுதி யுடிஎஃப்-8ஆகவே போக வேண்டும். அதற்குத்தான் 2012இல் வந்த எஸ்எம்டிபி-யுடிஎஃப்8 நீட்டிப்பு (ஆர்.எஃப்.சி 6531); எஸ்எம்டிபி என்பது அஞ்சல் அனுப்பும் நெறிமுறை. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் 3.0 முதல் இந்த வசதி உண்டு. படிவத்தில் 'ஈமெயில்' வகைப் பெட்டி வைத்தால் பிரவுசரே தமிழ் முகவரியை மறுத்துவிடக்கூடும். சாதாரண 'டெக்ஸ்ட்' பெட்டி வைத்து நீங்களே சோதியுங்கள்.

வழியில் ஒரு சர்வருக்கு இந்த நீட்டிப்பு இல்லாவிட்டாலும் அஞ்சல் திரும்பி வந்துவிடும். ஆகவே ஆங்கில எழுத்தில் மாற்று முகவரி ஒன்றையும் பதிவின்போதே கேட்டு வையுங்கள். பெறும் சர்வருடன் இணைந்து 'இஹெச்எல்ஓ' கட்டளை கொடுத்தால் பதிலில் அதன் வசதிகள் வரிசையாக வரும். அதில் எஸ்எம்டிபி-யுடிஎஃப்8 இல்லையென்றால் பாஸ்வேர்ட் மாற்றும் இணைப்பை மாற்று முகவரிக்கு அனுப்புங்கள்.