விளையாடுகிறவர்களுக்கு கோர் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

கோர், அதாவது வயிறு, முதுகு, இடுப்பு சேர்ந்த நடு உடம்பு, என்றதும் பலருக்கும் சிக்ஸ் பேக்தான் ஞாபகம் வருகிறது. எனக்கும் அப்படித்தான். ஓடத் தொடங்கிய புதிதில் தினமும் நூறு சிட்-அப் எடுத்தேன். வயிறு எரிந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது, ஓட்டத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

ஓடும்போதும் பந்து வீசும்போதும் நடு உடம்பு பெரும்பாலும் அசையாமல் தாங்கத்தான் வேண்டியிருக்கிறது. கால் தரையை உதைக்கும் வேகம் தோள்வரை போய்ச் சேர வேண்டும். இடுப்பு தொளதொளவென்று இருந்தால் பாதி வழியிலேயே வீணாகிவிடும். அதனால் கை, கால் அசையும்போது நடு உடம்பை ஆடாமல் வைத்துக்கொள்ளப் பழகுவோம்.

1. இறுக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உள்பக்கமாக விரல்களை வைத்து ஒருமுறை இருமுங்கள். விரலுக்கு அடியில் டக்கென்று கெட்டியாகிறதா? அந்த இறுக்கத்தை இருமாமலே கொண்டுவந்து, மூச்சை நிறுத்தாமல் 10 விநாடி வைத்திருங்கள். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம். யாரோ குத்த வருவதாக நினைத்துக்கொண்டால் தானாக வரும்.

2. டெட் பக்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மல்லாந்த நிலையிலேயே கைகளை மேல்நோக்கி நீட்டுங்கள். முழங்கால்களை 90 டிகிரி மடக்கி இடுப்புக்கு நேர் மேலே தூக்குங்கள். கீழ்முதுகு தரையோடு ஒட்டியிருக்கட்டும். இப்போது மூச்சை விட்டுக்கொண்டே வலது கையைத் தலைக்குப் பின்னால் இறக்கி, இடது காலை நீட்டித் தரைக்கு அருகே கொண்டுபோங்கள். மெதுவாக, மூன்று நான்கு விநாடி எடுத்து. திரும்பி வந்து மறுபக்கம்.

எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: கால் இறங்கும்போது முதுகு வில்லாக எழும்பிவிடும். முதுகுக்கு அடியில் ஒரு துண்டை வைத்து நண்பரை இழுக்கச் சொல்லுங்கள். உருவிக்கொண்டு வந்தால் முதுகு எழும்பிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் காலை நீட்டாமல், மடக்கியபடியே குதிகாலால் தரையைத் தொட்டுவிட்டு வாருங்கள். பக்கத்துக்கு 6 முறை, 2 செட் போதும்.

3. பேர்ட் டாக், சைடு பிளாங்க்

முதுகெலும்பை வெகுகாலம் ஆராய்ந்த கனடா பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளில் இவை இரண்டு. ஒரே மூச்சில் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதைவிட, 10 விநாடி வீதம் பலமுறை பிடிப்பது அவர் வழி.

பேர்ட் டாக்: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுங்கள். காலை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள்.

சைடு பிளாங்க்: ஒருக்களித்துப் படுத்து, முழங்கை தோளுக்கு நேர் கீழே இருக்க இடுப்பை உயர்த்துங்கள். புதியவர்கள் முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் செய்யுங்கள். ஒரு பக்கம் சீக்கிரம் நடுங்கினால் அதில்தான் வேலை பாக்கி.

வழக்கமான பிளாங்கும் (குப்புற, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராகத் தாங்குவது) செய்யலாம். ஆனால் இடுப்பு தொங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள், 20 விநாடியே ஆனாலும்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஸ்பிரின்ட்டுக்கோ கனமான எடைக்கோ முன்பு களைக்கக் களைக்கச் செய்யாதீர்கள். முதுகில் சுரீரென்று வலித்தாலோ வலி காலுக்கு இறங்கினாலோ அன்றே நிறுத்திவிட்டு பிசியோவைப் பாருங்கள்.

சில வாரங்களில் துண்டு அசையாமல் இருக்கும். அப்புறம் எழுந்து நிற்கலாம்: ரப்பர் பேண்டை ஒரு கம்பத்தில் மார்பு உயரத்தில் கட்டி, கம்பம் பக்கவாட்டில் இருக்கும்படி நின்று, பேண்டை இரு கையாலும் மார்புக்கு நேராக முன்னால் தள்ளுங்கள். அது உங்களைக் கம்பத்தின் பக்கம் திருப்பப் பார்க்கும். திரும்பாதீர்கள்.