ஒரு சமூகம் மாறியிருக்கிறதா என்று கணக்குப் பார்ப்பது எப்படி?

பொருளாதாரம் வளர்ந்துவிட்டது என்ற செய்தியைப் படித்ததும், அந்த வளர்ச்சி யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று முதலில் கேட்க வேண்டும். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஓராண்டில் உற்பத்தியான பொருள்கள், சேவைகளின் மதிப்பே தவிர, மக்களின் நல்வாழ்வை அளக்கும் கோல் அன்று. தேசிய வருமானக் கணக்கை உருவாக்கிய சைமன் குஸ்நெட்ஸே 1934-இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில் இதை எச்சரித்திருந்தார்.

அடுத்து, விலைவாசி உயர்வு கழிக்கப்பட்ட எண்தானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கழிக்கப்படாத எண்ணை வைத்து எதையும் பேச முடியாது.

பின்னர் சராசரியைச் சோதியுங்கள். பத்துக் குடும்பங்களில் ஒன்பதின் வருமானம் குடும்பத்துக்கு 10, பத்தாவதின் வருமானம் 110 என்றால் சராசரி 20. மறு ஆண்டு பத்தாவது குடும்பம் மட்டும் 210-க்கு உயர்ந்தால் சராசரி 30 ஆகிறது. வருமானம் 50 விழுக்காடு கூடிவிட்டதாக அறிக்கை சொல்லும். ஒன்பது வீடுகளிலோ ஒரு காசுகூட ஏறவில்லை. எனவே குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் வரும் குடும்பத்தின் வருமானத்தைத் தேடிப் பாருங்கள். தலா வருமானத்தை மட்டும் காட்டி முடித்துக்கொள்ளும் அறிக்கையை நான் அரைகுறை என்றே கருதுகிறேன்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் உழைப்புக் கணக்கு. ஒரு பெண் தன் வீட்டில் சமைத்து, குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொண்டால், அந்த உழைப்பு மொத்த உற்பத்தியில் சேராது. அவரே வெளியே கூலி வேலைக்குச் சென்று, வீட்டு வேலைக்கு வேறொருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினால், இரண்டு சம்பளங்களும் கணக்கில் ஏறிவிடுகின்றன. அந்த வீட்டில் வேகும் சோற்றின் அளவோ மாறவில்லை. ஆகவே வளர்ச்சியில் ஒரு பகுதி, வீட்டுக்குள் நடந்த வேலை சந்தைக்கு இடம்பெயர்ந்ததால் வருவது. இதைக் கண்டறிய நேரப் பயன்பாட்டு ஆய்வுகளைப் பாருங்கள்: வேலைக்குப் போகும் பெண் திரும்பி வந்து அடுப்படியில் எத்தனை மணி நேரம் நிற்கிறார், அதே வீட்டின் ஆண் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதை அவை பதிவுசெய்கின்றன. சம்பளம் வந்த பின்பும் அந்த இடைவெளி குறையவில்லை என்றால், பொருளாதாரம் மாறிய அளவுக்குச் சமூகம் மாறவில்லை என்று பொருள். இந்த ஒரு சோதனையை விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

குடும்பச் செலவுப் பட்டியலும் உதவும். வருமானம் உயர உயர உணவுக்குச் செல்லும் பங்கு குறைகிறது என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-லேயே எடுத்துக்காட்டினார். அந்தப் பங்கு குறையாமல் நிற்கும் குடும்பங்களில் வருமானம் உண்மையில் உயர்ந்ததா என்று சந்தேகிக்கலாம்.

கடைசியாக, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடுமுன் அட்டவணையின் அடிக்குறிப்பைப் படியுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் ஊதியத்துக்கு உழைத்தவரையும் வேலையில் இருப்பவராகக் கொள்வதே சர்வதேச வழக்கம். 2013-இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு வரையறையைத் திருத்தியபோது, பெரும்பாலும் தம் குடும்பத்தின் உணவுக்காகவே பயிரிடுவோர் அந்தப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டனர். அதை ஏற்றுக்கொண்ட ஒரு நாட்டில் வேலையில் இருப்போர் தொகை திடீரெனச் சரிந்தால், அவர்கள் நேற்றுப் போலவே இன்றும் வயலில்தான் இருக்கக்கூடும்.